வைட்டமின் ஈ மாத்திரை வேண்டாம் என்று பெரியப்பாவிடம் ஏன் சொன்னேன்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஓர் எண்ணெய் மில்லில் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். படித்தது வேதியியல். சுற்றிலும் கொப்பரைக் களங்கள்; வெயில் காலத்தில் பஸ்ஸில் போகும்போதே தேங்காய்ப் பருப்பு வாசம் மூக்கில் ஏறும். மில்லுக்குள் வரும் எண்ணெயும் வெளியே போகும் எண்ணெயும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த டின் வந்தாலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எண்ணெய் காற ஆரம்பித்திருக்கிறதா, இல்லையா?

எண்ணெய் காறுவதும் ரத்தக்குழாயில் கொழுப்பு கெட்டுப்போவதும் அடிப்படையில் ஒரே வேதிவினை. அதனால்தான் எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்தபோது இந்தக் காறலைத் தடுக்கும் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ பொருள்களைப் பற்றி உட்கார்ந்து முழுதாகப் படித்தேன்.

பெரியப்பா முத்தூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறார். வெடியக்காலம் மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது நெஞ்சை அடைத்து, சட்டை நனையுமளவு வேர்த்துவிட்டது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய், ஆஞ்சியோ பார்த்து, ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒறம்பரை வரத் தொடங்கியது. ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் அந்தக் காலம். இப்போது வருகிறவர்கள் மாத்திரை டப்பாவோடு வருகிறார்கள். ஒருவர் வைட்டமின் ஈ. இன்னொருவர் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்று பெரிதாக அச்சடித்த பொடி. திருப்பூரில் இருந்து வந்தவர் மஞ்சள் சத்து மாத்திரை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்த பெரியப்பா, நான் போனதும் எடுத்து நீட்டினார்.

“ஏன் அம்மிணி, இதையும் சேத்து முழுங்கீரலாமா? ரத்தத்துல அழுக்குப் புடிக்காம பாத்துக்குமாமா.”

“வேண்டாமுங்க பெரியப்பா.”

“நீதான எண்ணெய்க்கு வைட்டமின் ஈ நல்லதுன்னு சொல்லுவ?”

மிகச் சரியான கேள்வி. எண்ணெய்க்கு நல்லது என்பது உண்மைதான். அதை வைத்து மனுஷன் நெஞ்சுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று உலகத்தின் பெரிய மருத்துவ விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கதை நம் ஊர்ப் பக்கம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. மாத்திரை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்குப் பெரியப்பாவிடம் வாசல் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் லினோலெயிக் அமிலம் என்றொரு கொழுப்பு உண்டு. அதன் சங்கிலியில் இரண்டு இடங்களில் இரட்டைப் பிணைப்பு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹைட்ரஜன் பிடிப்பில்லாமல் நிற்கும். வெளிச்சம், சூடு, இரும்பு, செம்பு, இதில் எது பட்டாலும் கழன்றுவிடும். ஹைட்ரஜனை இழந்த மூலக்கூறுதான் ஃப்ரீ ரேடிகல். அது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கப்பட்டது அடுத்ததிடம் பிடுங்கும். ஒன்று தொடங்கினால் நூறு கெடும். வைட்டமின் ஈ என்ன செய்கிறது என்றால், தன்னிடம் இருக்கும் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அந்த இடத்திலேயே நிறுத்துகிறது. நல்லெண்ணெயில் இதோடு செசமால் போன்ற பொருள்களும் இருப்பதால்தான் அது மற்ற எண்ணெய்களைவிடக் கூடுதல் காலம் சிக்கு அடிக்காமல் நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கூம்புக் குடுவையில் ஐந்து கிராம் எண்ணெய் நிறுத்து எடுப்பேன். அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த கரைசலை ஊற்றிச் சுழற்றினால் எண்ணெய் அதில் கரைந்துவிடும். அடுத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசல் அரை மில்லி. மூடி ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். எண்ணெயில் பெராக்சைடு, அதாவது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்ட கொழுப்பு, இருந்தால் அது அயோடைடை அயோடினாக மாற்றிவிடும், குடுவை மஞ்சளாகும். ஸ்டார்ச் கரைசல் கொஞ்சம் விட்டால் கருநீலம். பிறகு ப்யூரெட்டைத் திருகி தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வர, ஏதோ ஒரு சொட்டில் நீலம் மொத்தமும் மறைந்து குடுவை தெளிந்துவிடும். எவ்வளவு தயோசல்பேட் செலவானது என்ற கணக்குதான் பெராக்சைடு வேல்யூ. சர்வதேசக் கோடெக்ஸ் உணவுத் தரத்தின்படி சுத்திகரித்த எண்ணெயில் 10 வரை இருக்கலாம், செக்கு எண்ணெயில் 15 வரை.

இந்தச் சோதனையில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. ரொம்பவும் கெட்டுப்போன எண்ணெயில் இந்த எண் குறைவாகவே வரலாம். ஏனென்றால் பெராக்சைடு நிலைத்து நிற்காது, உடைந்து ஆல்டிஹைடாகிவிடும். காறல் வாடையே அதனால் வருவதுதான். மூக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும், காகிதத்தில் எண் நன்றாக இருக்கும். ஒற்றை எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆன்டிஆக்சிடன்ட் பொடி டப்பாக்களில் ‘ஓராக் மதிப்பு இவ்வளவு’ என்று போட்டிருப்பார்கள். சோதனைக்குழாயில் அந்தப் பொருள் எவ்வளவு ரேடிகலை அடக்குகிறது என்ற எண் அது. அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளுக்கான ஓராக் பட்டியலைத் தானே தயாரித்து இணையத்தில் வைத்திருந்தது; உடம்புக்குள் நடப்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு இல்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் எடுத்துவிட்டது. டப்பாவில் மட்டும் இன்னும் இருக்கிறது.

சரி, இப்போது ரத்தக்குழாய்.

எல்டிஎல் என்பதைக் கெட்ட கொழுப்பு என்கிறோம். கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றும் மிகச் சிறிய உருண்டை அது. அதன் மேலுறையில் நம் கடலை எண்ணெயில் இருக்கும் அதே லினோலெயிக் அமிலம் இருக்கிறது. கூடவே சில வைட்டமின் ஈ மூலக்கூறுகளும் இருக்கின்றன. எல்டிஎல் ரத்தத்தில் அதிகமானால், குழாயின் உள்சுவரைத் தாண்டி உள்ளே புகுந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் நடக்கும். சுருக்கமாகச் சொன்னால், அங்கே காறும். காறிய எல்டிஎல்லைக் கண்டதும் வெள்ளணுக்கள் வந்து விழுங்கத் தொடங்கும். சாதாரண எல்டிஎல்லை ஓரளவுக்கு மேல் செல்கள் உள்ளே எடுப்பதில்லை. காறியதை மட்டும் அளவில்லாமல் விழுங்கி, கொழுப்பு நிறைந்து, நுரைத்தாற்போல் ஆகி அங்கேயே சாகும். இப்படிச் சேர்ந்துகொண்டே போவதுதான் அடைப்பு. ஒரு நாள் அதன் மேல்தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும். பெரியப்பாவுக்கு மாட்டுக் கொட்டாயில் நடந்தது அதுதான். அன்று காலையில் திடீரென்று வந்த மாதிரி தெரிந்தாலும், உள்ளே பல வருஷமாகச் சேர்ந்தது.

செல்கள் எல்டிஎல்லை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. காறிய எல்டிஎல்தான் அடைப்பின் வேர் என்ற கருத்தை டேனியல் ஸ்டைன்பர்கும் கூட இருந்தவர்களும் 1989-இல் தெளிவாக எடுத்து வைத்தார்கள். அந்தக் கருத்தின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

ஆக்சிஜனேற்றம் இன்னொரு வேலையும் செய்கிறது. ரத்தக்குழாயின் உள்தோல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயை விரித்து வைத்திருக்கிறது. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் நோபல். சூப்பர்ஆக்சைடு என்ற ஆக்சிஜன் ரேடிகல் அதிகமானால், அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து அதைக் காலி செய்துவிடும். குழாய் விரியாது, இறுகும், பிரஷர் ஏறும். புகை, சர்க்கரை, பிரஷர் மூன்றும் இந்தச் சூப்பர்ஆக்சைடைக் கூட்டுகின்றன.

ஆக, ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இதயத்துக்குக் கெடுதல்’ என்று டப்பாவில் எழுதியிருப்பது பொய் இல்லை. அதுதான் இந்த வியாபாரத்தின் பலமே. பாதி வரை உண்மை. அடுத்த பாதியில்தான் வழுக்குகிறது.

1993-இல் அமெரிக்க நர்ஸுகளையும் ஆண் மருத்துவப் பணியாளர்களையும் வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உலகமே சந்தோஷப்பட்டது. ஆனால் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர் பொதுவாகப் புகை பிடிக்காதவராக, நடக்கிறவராக, நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவராகவும் இருப்பார். காப்பாற்றியது மாத்திரையா, மற்ற பழக்கமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பார்த்தார்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டீன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். இதுவும் ஓர் ஆன்டிஆக்சிடன்ட்; கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டீன்தான். அமெரிக்காவில் அதே மாதிரி இன்னொரு ஆய்வைக் கெடுதல் தெரிந்ததும் 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பீடி குடித்துக்கொண்டே ‘சத்து மாத்திரை போட்டுக்கிறேன்’ என்று சமாதானம் சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

வைட்டமின் ஈ பற்றி எனக்கு மிக முக்கியமாகப் பட்டவை இரண்டு ஆய்வுகள். இரண்டிலும் அதே நோயாளிகளிடம் வைட்டமினையும் மருந்தையும் சேர்த்தே சோதித்தார்கள்.

ஒன்று, 2000-இல் வெளியான ஹோப் ஆய்வு. இதய நோய் அபாயம் உள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், நாலரை வருஷம் போல. ஒரு பக்கம் ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை, இன்னொரு பக்கம் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ. ராமிப்ரில் சாப்பிட்டவர்களில் ஹார்ட் அட்டாக், பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 22 சதவீதம் குறைந்தன. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதையே இன்னும் சில வருஷம் நீட்டிப் பார்த்து 2005-இல் சொன்னது: வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாமல் போவது) சற்று அதிகமாகவே இருந்தது.

இரண்டாவது, பிரிட்டனில் 20,536 பேரை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்டது. வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், வைட்டமின் சி 250 மில்லிகிராம், பீட்டா கரோட்டீன் 20 மில்லிகிராம், தினமும், ஐந்து வருஷம். ரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பீட்டா கரோட்டீன் நான்கு மடங்கானது. மாத்திரை உடம்பில் ஒட்டவில்லை என்று சொல்லவே முடியாது. இருந்தும் ஹார்ட் அட்டாக் குறையவில்லை, சாவு குறையவில்லை. அதே ஆய்வில் சிம்வாஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை 40 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு ஹார்ட் அட்டாக், பக்கவாதம் போன்றவை கால்வாசி அளவுக்குக் குறைந்தன.

பெரியப்பாவின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ராமிப்ரில் இருக்கிறது. சிம்வாஸ்டேட்டின் வகையைச் சேர்ந்த அட்டார்வாஸ்டேட்டின் இருக்கிறது. “பெரியப்பா, ரத்தக்குழாய் காறாம பாத்துக்கிற மாத்திரை உங்க சீட்டுலயே இருக்குதுங்க. ஒறம்பரை கொண்டாந்தது தேவையில்லீங்க” என்றேன். சும்மா சமாதானத்துக்குச் சொன்னதில்லை. சூப்பர்ஆக்சைடை உண்டாக்கும் என்சைமைத் தூண்டிவிடுவது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். அந்த ஹார்மோன் உருவாவதையே ராமிப்ரில் குறைத்துவிடுகிறது. ஸ்டேட்டின் எல்டிஎல்லைக் குறைக்கிறது; சுவரில் சிக்கக் கொழுப்பே குறைவாக இருந்தால் காறவும் குறைவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் என் குடுவையில் வேலை செய்யும் வைட்டமின் ஈ மனிதருக்குள் ஏன் செய்யவில்லை? இதை யோசிக்காமல் என்னால் விட முடியவில்லை. படித்த வரையில் சில காரணங்கள் தெளிவாக இருக்கின்றன. எல்டிஎல் காறுவது ஓடும் ரத்தத்தில் இல்லை, சுவருக்குள். ரத்தத்தில் ஏற்கெனவே வைட்டமின் சி, யூரிக் அமிலம், ஆல்புமின் என்று காவல் பலமாக இருக்கிறது. மாத்திரை போட்டு அங்கே மேலும் கூட்டுவது, வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும்போது மேட்டுக்காட்டுப் பயிர் வாடுகிறது என்று வாய்க்காலிலேயே இன்னும் தண்ணீரைத் திறந்துவிடுவது மாதிரி. அடுத்து, வெள்ளணுக்கள் மையலோபெராக்சிடேஸ் என்ற என்சைமை வைத்துக் கிருமியைக் கொல்ல ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கின்றன. அதனால் நடக்கும் சேதத்தை வைட்டமின் ஈ தடுப்பதில்லை. அது தடுப்பது கொழுப்புச் சங்கிலியை மட்டும். டின்னில் இருக்கும் எண்ணெய்க்கு எதிரி ஒன்றுதான். உடம்பில் ஆக்சிஜனேற்றம் பல வழியில் நடக்கிறது. அப்புறம் வயசு. அறுபது வயதில் மாத்திரை தொடங்கும்போது அடைப்பு ஏற்கெனவே முப்பது வருஷம் வளர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃப்ரீ ரேடிகல் என்றாலே விஷம் என்று நினைக்கிறோம். நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவே சூப்பர்ஆக்சைடைத் தயாரிக்கின்றன. அதைத் தயாரிக்கும் என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரும். நடக்கும்போதும் ஓடும்போதும் தசையில் ஃப்ரீ ரேடிகல் அதிகமாகும். அதை அடையாளமாக வைத்துத்தான் உடம்பு தன் சொந்தக் காவல் என்சைம்களைக் கூட்டிக்கொள்கிறது. 2009-இல் ஜெர்மன் ஆய்வு ஒன்று வந்தது. உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பெரியப்பா தினமும் பொழுதோட தோட்டத்தைச் சுற்றி நடக்கிறார். அந்த நடையின் பலனை மாத்திரை கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் சாப்பிடுவார்கள். வைட்டமின் ஈ அதிக அளவில் சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடும். அமெரிக்க மருத்துவர்கள் 14,641 பேரிடம் நடந்து 2008-இல் முடிவு வந்த ஆய்வில், வைட்டமின் ஈ இதயத்தைக் காக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம் மட்டும் அந்தப் பக்கம் அதிகமாக இருந்தது. இதயத்தைக் காக்கவென்று வைட்டமின் ஈ-யோ பீட்டா கரோட்டீனோ சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2022-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

அடுத்தது மஞ்சள் மாத்திரை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கம் எல்லோருக்கும் பெருமை; எனக்கும்தான். மஞ்சள் இல்லாமல் நம் சமையல் இல்லை. ஆனால் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அதுவும் குடலில் அவ்வளவாக ஏறாது. மிளகில் இருக்கும் பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் ஏறுவது இருபது மடங்கு கூடுகிறது என்று பெங்களூரில் 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இப்போது வரும் மாத்திரைகளில் இரண்டையும் சேர்த்து அடர்த்தியாக அடைக்கிறார்கள். ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த மாதிரி அடர்த்தியான மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பெரியம்மா வைக்கும் செலவு ரசத்தைப் பெரியப்பா தாராளமாகக் குடிக்கட்டும். மாத்திரையை டாக்டரிடம் காட்டாமல் தொட வேண்டாம் என்று சொன்னேன்.

எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. ‘தேங்காய் எண்ணெய் காறாது, அதனால் ரத்தக்குழாய்க்கு நல்லது’ என்று சொல்லி விற்கிறார்கள். மற்ற எண்ணெய்கள் அளவுக்கு எளிதில் காறாது என்பது உண்மை. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, கழன்றுவிழ இரட்டைப் பிணைப்பே மிகக் குறைவு. பெராக்சைடு சோதனையில் அழகாகத் தேறும். ஆனால் அதே நிறைவுற்ற கொழுப்பு ரத்தத்தில் எல்டிஎல்லைக் கூட்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வந்த கணக்கில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது. தேங்காயை நம்பிப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிதில்லை. ஆனாலும் ஸ்டென்ட் வைத்த வீட்டில் தினசரிச் சமையலுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொரியலில் தூவும் தேங்காய்ப்பூவுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

சுட்ட எண்ணெயைத் திரும்பச் சுடவைப்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தீபாவளி நோம்பிக்கு முறுக்கும் கச்சாயமும் சுட்டு, மிஞ்சின எண்ணெயை வடிகட்டிப் போசியில் மூடி வைத்து, மாதக் கணக்கில் தாளிக்கப் பயன்படுத்தும் வீடுகள் எனக்குத் தெரியும். நோகாமல் சொல்லிப் பார்க்கிறேன், சிலர் கேட்கிறார்கள். சூடு ஏற ஏற எண்ணெயில் இருக்கும் வைட்டமின் ஈ முதலில் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு கெடுவது வேகமெடுக்கும். எண்ணெய் கறுக்கும், கொழகொழப்பாகும், அடுப்பில் வைத்ததும் நுரைக்கும், முன்னைவிடச் சீக்கிரம் புகையும். மூன்றாவது, நான்காவது தடவை சூடாக்கிய எண்ணெயைப் பார்க்கும்போது மூக்கே சொல்லிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சூடாக்கிச் சூடாக்கிச் சேரும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. நாள் ஒன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும். அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் இருக்கிறது. சந்தை நாளில் தள்ளுவண்டி போண்டாவுக்கு இதெல்லாம் எட்டவில்லை. பெரியப்பாவுக்கு அந்தப் போண்டா ரொம்பப் பிடிக்கும். இப்போது விட்டிருக்கிறார்.

பீடியும் விட்டார். அதற்காக அவரை நான் எவ்வளவு பாராட்டினாலும் தகும், சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த பழக்கம். புகையின் ஒவ்வோர் இழுப்பிலும் எண்ண முடியாத அளவு ஃப்ரீ ரேடிகல் உள்ளே போகிறது. அதை நிறுத்தினால் கிடைக்கும் பலனில் கொஞ்சத்தைக்கூட எந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் தருவதில்லை. நிறுத்தி ஒரு வருஷத்துக்குள் புகையால் கூடிய இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பெரியம்மா கேட்டார். கீரை, கொள்ளு, தட்டப்பயிறு, கொய்யா, நெல்லி, ராகிக் களி, ஒரு கைப்பிடி வேகவைத்த கடலைக்காய். நம் தோட்டத்திலும் சந்தையிலும் கிடைப்பதுதான். இவற்றில் ஆன்டிஆக்சிடன்டும் இருக்கிறது. அதனால் மட்டும் நல்லது என்று நான் நினைக்கவில்லை. நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, கீரையில் இருக்கும் நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாகிறது. இதைச் சாப்பிடுகிற நேரத்தில் பஜ்ஜி சாப்பிடாமல் இருக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஒன்றைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கியபோது பலன் கிடைக்காமல் போனதற்கு இதுவும் காரணம். வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். பெரியப்பாவுக்கு அந்த மருந்து இல்லை, அதனால் முருங்கைக்கீரைக்குத் தடை இல்லை.

கடைசியாகப் பெரியம்மா, “அப்ப எந்த எண்ணெய் வாங்கறது சாமி, கடலெண்ணெயா, நல்லெண்ணெயா?” என்றார். இரண்டில் எதுவானாலும் சரி, மாறி மாறி வாங்குங்கள், ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள் என்றேன். ஐந்து லிட்டர் கேனாக வாங்கி வெயில் படும் ஜன்னலில் வைக்க வேண்டாம். ஒரு லிட்டராக வாங்கி, இருட்டான அலமாரியில், அடுப்புக்குத் தள்ளி வைத்தால் போதும். செம்புப் பாத்திரத்திலோ துருப்பிடித்த டின்னிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெரியம்மா அப்போதே எழுந்து போய் ஜன்னலில் இருந்த கேனை எடுத்து மோந்து பார்த்தார்.